முழங்கால் என்று எழுதியிருந்தது

கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கவுன்சிலில்" என்று மட்டும் சொல்லித் தப்பப் பார்ப்பேன். விடமாட்டார்கள். கவுன்சிலில் என்ன வேலை, பார்க்கிங் டிக்கெட் எழுதுகிறதோ, வீடு எடுத்துக் கொடுக்கிற பகுதியோ என்று தோண்டுவார்கள். கடைசியில் "ஊரிலை பி.எச்.ஐ. இருக்கிறாரல்லோ, அதுதான்" என்பேன். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது உடனே விளங்கும். விளங்கியதும் முகம் ஒருமுறை சுருங்கும். பி.எச்.ஐ. என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிணற்றுக்குக் குளோரின் போடுகிறவர், கக்கூசை எட்டிப் பார்க்கிறவர், சாப்பாட்டுக் கடைக்காரர் தூரத்தில் கண்டதும் அடுப்படியைக் கழுவத் தொடங்குகிற ஆள். ஒருமுறை என் மனைவியின் பெரியம்மா, நான் பக்கத்துக் கதிரையில் இருப்பது தெரிந்தே, "படிச்ச பிள்ளை, என்ன செய்யிறது" என்று பெருமூச்சு விட்டார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. கக்கூசை எட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலில், எது என்று எழுதப்போவதில்லை, இருபது வருடத்துக்கு மேலாக வாடகை வீடுகளைப் பார்த்து வருகிறேன். ஈரம், பூஞ்சணம், எலி, அடைபட்ட கழிவுநீர்க் கான், ஒரே குளியலறைக்கு வெளியே துவாயோடு காத்து நிற்கும் நான்கு குடும்பங்கள். கையில் ஒரு ரோச் லைட், சுவரில் ஈரம் பார்க்கிற மீற்றர், ஒரு கமெரா. கட்டிலுக்குக் கீழேயும் சிங்குக்குக் கீழேயும் மண்டியிட்டுப் பார்க்க வேண்டியிருப்பதால் என் காற்சட்டைகள் எல்லாம் முதலில் முழங்காலில்தான் தேயும். வீட்டில் அதற்கும் பேச்சு வாங்குவேன்.

நான் ஏறி இறங்கும் வீடுகள் பெரும்பாலும் விக்டோரியா ராணி காலத்தில் வரிசை வரிசையாகக் கட்டியவை. கட்டிய மேசன் முட்டாளில்லை. ஒவ்வொரு அறையிலும் கரி எரிக்கும் அடுப்பு, அதற்கு மேலே புகைபோக்கி, தரைப் பலகைக்குக் கீழே காற்றுப் போக ஓட்டைக் கல். நெருப்பு எரிய எரிய அறையின் ஈரம் புகைபோக்கியால் வெளியே போய்விடும். இன்றைய வீட்டுக்காரர் அடுப்பை அடைத்து, ஓட்டைக் கல்லின் மேல் சீமெந்து பூசி, பிளாஸ்டிக் யன்னல் பூட்டி, ஒரு அறையை இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் ஆட்களை வைக்கிறார். சமைக்கிற ஆவியும் குளிக்கிற ஆவியும் உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சும் போக இடமில்லாமல் ஆகக் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். அந்தச் சுவரோடுதான் எங்கள் ஆட்களின் வீட்டில் பிள்ளை படுத்திருக்கும். கட்டிலால் விழுந்துவிடக் கூடாதென்று பிள்ளையைச் சுவர்ப்பக்கமாகக் கிடத்திவிட்டுத் தாய் இந்தப் பக்கம் படுப்பாள். எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். பாதுகாப்பென்று நினைத்துச் செய்கிற காரியம்.

எங்கள் பகுதி நூலகத்தின் மேல்மாடியில் நூறு வருடத்துக்கு முந்திய சுகாதாரப் பதிவுகள் சில இருக்கின்றன. வேலைக்கு வந்த புதிதில் ஒரு மழை நாளில் போய்ப் புரட்டிப் பார்த்தேன். இதே தெருக்கள், இதே வீட்டு இலக்கங்கள். என் வேலையை அன்றைக்குச் செய்தவரின் பதவிப் பெயரைத் தமிழில் சொல்வதென்றால் "தொந்தரவுப் பரிசோதகர்". வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி சில மாதங்கள் என்னை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டாள். அவர் எழுதியிருப்பதும் நான் எழுதுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு அறைக்கு எத்தனை பேர், தண்ணீர் எங்கே, கக்கூசு எங்கே, யாருக்கு நோய். ஒரேயொரு வித்தியாசம், அவருக்குச் செய்தி வந்த நாளும் அவர் போன நாளும் அநேகமாக ஒன்றாக இருந்தன. தெருவில் யாராவது மறித்துச் சொன்னால் அப்படியே நடந்து போய் வாசலில் நின்று மூக்கை நீட்டியிருப்பார் போல. ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே தன் கையெழுத்தையும் போட்டிருந்தார். பாவம் மனிசன், என்ன வசதியில்லாத வேலை என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினேன்.

எங்களுக்குச் செய்தி வருகிற வழி வேறு. வாடகைக்கு இருப்பவர் ஒரு நம்பருக்கு அடிக்கிறார். அங்கே போன் எடுப்பவருக்குத் தமிழ் தெரியாது. அவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அதே லைனில் இணைக்கிறார். ஒருவரையொருவர் ஒருநாளும் கண்டிராத மூன்று பேர் கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். முடிவில் நாலு வரி ஆங்கிலத்தில் எழுதப்பட்டு என் கணினிக்கு வந்து சேர்கிறது. அந்த நாலு வரியை வாசித்து, எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று தீர்மானிப்பவன் நான். விதி சின்ன விதிதான். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்து, அதற்கு மூச்சில் ஏதாவது தொல்லை என்றால் அடுத்த நாளே போய் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் வரிசையில் வரும்.

ஒரு டிசம்பர் மாதம் வந்த நாலு வரியை இன்றைக்கும் பாடமாகச் சொல்வேன். தமிழில் போட்டால் இவ்வளவுதான்: வாடகைக்கு இருப்பது தமிழ் பேசும் குடும்பம், தாய், தகப்பன், மூன்று வயதுப் பெண் பிள்ளை. அறைச் சுவரில் பூஞ்சணம். பிள்ளைக்கு முழங்காலில் பிரச்சினை. பிள்ளை கவலையாக இருக்கிறாள்.

வாசித்துவிட்டு நான் சிரித்தேன். மூன்று வயதுப் பிள்ளை தன் முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிறதாம். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரருக்கும் வாசித்துக் காட்டி, இனிமேல் முழங்காலுக்கும் கவுன்சில்தான் எண்ணெய் பூசிவிட வேண்டும் போலிருக்கிறது என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு அந்தக் கோப்பை வரிசையில் போட்டேன். மூச்சுத் தொல்லை என்ற இடத்தில் "இல்லை" என்று ஒரு அடையாளம் வைக்க வேண்டும், அதையும் வைத்தேன். அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. அவ்வளவு சாதாரணமான நாள்.

நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமை, அந்த நாலு வரி வந்து ஆறு கிழமை ஆகியிருந்தது. விடிந்தும் விடியாத மாதிரி ஒரு காலை. கதவில் ஆறு அழைப்புமணிப் பொத்தான்கள், ஆறுக்கும் பெயர் இல்லை. மேல்மாடிப் பின்னறையின் பொத்தானை அழுத்தினேன். முப்பது வயது மட்டில் ஒரு பெண், கோட்டும் போட்டுக் கையில் ஒரு துணிப் பையோடு படியிறங்கி வந்து கதவைத் திறந்தாள். என் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்து "கவுன்சில்?" என்றாள்.

"ஓம் தங்கச்சி, கவுன்சிலிலை இருந்துதான் வாறன்."

அவள் முகம் மாறியது. "ஐயோ, நீங்கள் தமிழோ? வாங்கோ அண்ணை, வாங்கோ. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், உள்ளுக்குக் காப்பெற்றெல்லாம் ஈரம்."

அறைக் கதவைத் திறக்கும்போதே மணம் வந்தது. ஈரச் சாக்கை மூடி வைத்துத் திறந்த மணம். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, யன்னல் விளிம்பில் ஒரு சுவாமிப் படம், படத்துக்குக் கீழே தண்ணீர் ஒற்றுவதற்காக மடித்து வைத்த பழைய ரீசேர்ட். வீட்டுக்காரர் கொஞ்ச நாளைக்கு முதல்தான் வெள்ளைப் பெயின்ற் அடித்திருக்க வேண்டும். அதற்குள்ளால் கறுப்பு திரும்ப முளைத்திருந்தது. கட்டில் தலைமாட்டில், பிள்ளையின் தலையணை உயரத்துக்கு, பிறந்தநாள் பரிசு சுற்றுகிற மினுக்கத் தாள் ஒட்டியிருந்தது. பலூன் படம் போட்ட தாள். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். நனைந்த தோசை மாதிரிக் கையோடு வந்தது. பின்னால் சுவர் இருந்த இடம் தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு.

"பிள்ளை விரலாலை தொட்டுத் தொட்டுப் பாக்கிறா அண்ணை, அதாலைதான் மறைச்சு ஒட்டினனான்" என்றாள்.

மீற்றரை வைத்ததும் கீச்சிட்டது. அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் வீடு முழுவதிலும் இருப்பவர்கள் குளிக்கிற ஷவர். அங்கே மேலே ஒரு காற்றாடி பெரிய சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. ஆவியை இழுக்கிறது, சரி, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கதிரையில் ஏறி மேற்கூரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். குழாய் வெளியே போகவேயில்லை. பாதியில் வெட்டிக் கிடந்தது. ஆறு குடும்பம் குளிக்கிற ஆவியும் பிள்ளை படுக்கிற அறையின் தலைக்கு மேல் வந்து இறங்கியது. படம் எடுத்தேன், படிவத்தை நிரப்பினேன். என் வேலையை நான் நன்றாகத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் அப்போதும் இருந்தது. எழுதிக்கொண்டே, ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

"பிள்ளையின்ரை முழங்கால் இப்ப எப்பிடி?"

"என்ன அண்ணை?"

"முழங்கால். நோவெண்டு சொன்னனீங்களாம்."

"ஆரின்ரை முழங்கால்?"

பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்து அந்த நாலு வரியையும் காட்டினேன். தமிழில் வாசித்துச் சொன்னேன். அவள் என் முகத்தையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் முழங்கால் எண்டு சொல்லவேயில்லை. பிள்ளைக்கு முட்டு வருத்தம் எண்டுதான் சொன்னனான். லைனிலை ஒரு அக்கா நிண்டவ, இந்தியாப் பக்கத்துத் தமிழ். நல்ல அக்கா, ஆறுதலாத்தான் கேட்டவ. 'முட்டாம்மா?' எண்டு கேட்டா. ஓம், முட்டு எண்டன். 'ரொம்ப வருத்தமா இருக்காளா?' எண்டு கேட்டா. ஓம் அக்கா, சரியான வருத்தம் எண்டன்."

நான் கணினியை மூடினேன்.

எங்கள் பேச்சில் முட்டு என்றால் மூச்சு இழுப்பு. நெஞ்சை அடைத்துக்கொண்டு மூச்சு முட்டுகிறதே, அது. வருத்தம் என்றால் நோய். காய்ச்சல் வருத்தம், சீனி வருத்தம், முட்டு வருத்தம். அந்த மொழிபெயர்ப்பாளரின் ஊரில் முட்டு என்பது முழங்கால். வருத்தம் என்பது மனக் கவலை. அவர் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். அவரில் எனக்குக் கோபமில்லை, அன்றைக்கும் இல்லை. அவருக்குத் தெரிந்த தமிழில் அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். போன் எடுத்தவருக்குத் தமிழே தெரியாது. அந்தச் சங்கிலியில் அந்தத் தாயின் தமிழும் அந்த ஆங்கிலமும் இரண்டும் தெரிந்த ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அது நான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் மகளுக்கும் எட்டு வயது வரை முட்டு இருந்தது. குட்மேய்ஸில் நாங்கள் இருந்த வீட்டில் என் மனைவி மாடியில் நின்று "பிள்ளைக்கு முட்டு இழுக்குது, மருந்துப் பம்பை எடுத்துக்கொண்டு ஓடி வாங்கோ" என்று கத்தாத குளிர்காலம் இல்லை. அந்தச் சொல்லோடு எட்டு வருடம் குடியிருந்தவன் நான். அந்த ஆங்கில வரியைத் தமிழுக்கு ஒருமுறை திருப்பிப் போட்டிருந்தால் போதும். முழங்கால், முட்டு. கவலை, வருத்தம். சேர்த்து வாசித்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கியிருக்கும். நான் திருப்பிப் போடவில்லை. வேலை மேசையில் ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே வாசிக்கப் பழகி வைத்திருந்தேன். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"பிள்ளை எங்கை?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலை. முந்தநாள் அம்புலன்சிலை கொண்டு போனவை. மூச்சு மெஷினிலை போட்டிருக்கினம். அவர் அங்கை நிக்கிறார், நான் உடுப்பு எடுக்க வந்தனான்."

துணிப் பையின் வாயால் ஒரு ஊதா நிறச் சின்னச் சுவெற்றரின் கை வெளியே தெரிந்தது. டொக்டர் முதலிலேயே அறைதான் காரணம் என்று சொல்லிக் கவுன்சிலுக்கு அடிக்கச் சொன்னாராம். அடித்தாளாம். பொங்கலுக்கு முதல் இன்னொரு தரமும் அடித்துக் கேட்டாளாம். வரிசையில் இருக்கிறது என்று சொன்னார்களாம். என்னைக் குற்றம் சொல்வதற்காக அவள் இதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை போலை மெஷினைக் குறைச்சுப் பாப்பம் எண்டு சொல்லியிருக்கினம். சுகமானாலும் இஞ்சை கொண்டு வரேலாது அண்ணை. எங்களுக்கு வேறை போக்கிடமும் இல்லை. நீங்கள் ஏதும் செய்து தருவியளோ?"

"தங்கச்சி, பிள்ளை திரும்பி இந்த அறைக்கு வராது. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அப்படியே சொன்னேன். அந்த வார்த்தைகளை.

அன்று பின்னேரமே அந்த அறையில் ஆட்கள் இருக்கக் கூடாதென்ற அவசரத் தடை உத்தரவை எழுதி முடித்தேன். வழக்கமாக இரண்டு நாள் இழுக்கிற வேலை. மேலதிகாரி வீட்டுக்குக் கிளம்பக் கோட்டைப் போடும்போது மறித்துக் கையெழுத்து வாங்கினேன். அடுத்த நாள் காலை அதைக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் காரில் வந்து இறங்கினார். அவரும் யாழ்ப்பாணம்தான். அறுபது வயதிருக்கும், கோயிலில் முன்வரிசையில் நிற்கிற முகம்.

"தம்பி, நீங்களும் எங்கடை ஆள்தானே. ஒரு போன் அடிச்சிருந்தா நானே வந்து செய்து குடுத்திருப்பன். இப்பிடி ஊர் பாக்க ஒட்ட வேணுமோ?"

"அண்ணை, மேலை ஏறிப் பாத்தனீங்களோ? காற்றாடிக் குழாய் எங்கை போகுது எண்டு தெரியுமோ?"

"அது எலெக்ரீசியன் விட்ட பிழை. ஆனா தம்பி, எங்கடை சனத்துக்கு ஒரு யன்னல் திறக்கத் தெரியாது. நெடுகப் பொரிக்கிறதும் அவிக்கிறதும். சுவர் என்ன செய்யும்?"

நான் வெடித்துவிட்டேன். அந்த ஒடுங்கிய விறாந்தையில் நின்று, உத்தியோக அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வாயில் வந்ததெல்லாம் பேசினேன். ஆங்கிலத்தில் அப்படிப் பேசியிருந்தால் என் வேலை அன்றோடு போயிருக்கும். தமிழில் பேசியதால் யாருக்கும் விளங்கவில்லை, கீழ்வீட்டுக் கதவு ஒன்று திறந்து மூடிக்கொண்டது. மனிசன் தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போனார். அவர் செய்தது அநியாயம், அதில் மாற்றமில்லை. ஆனால் அவரைத் திட்டித் தீர்த்தபோது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். அந்த ஆறு கிழமைத் தாமதத்தையும் அவர் தலையில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு இரண்டு நாளும் வேறு வேலை பார்க்கவில்லை. வீடில்லாதவர்களுக்கு இடம் கொடுக்கும் பகுதிக்கு ஐந்து தரம் ஏறி இறங்கினேன். கெஞ்சினேன், கத்தினேன், ஒரு பெண் உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தே விட்டேன். வியாழக்கிழமை ஒரு இடம் கிடைத்தது. முதலாம் மாடியில் ஒரு அறையும் தனிக் குளியலறையும். நானே போய்ப் பார்த்தேன். மீற்றரைச் சுவர் சுவராக, மூலை மூலையாக வைத்தேன். ஒரு இடத்திலும் சத்தம் போடவில்லை. கட்டில் எந்தச் சுவரோடு போடலாம் என்று கையால் தடவிப் பார்த்து, கதவுக்கு எதிர்ச் சுவர் நல்ல சூடாக இருக்கிறதென்று மனதில் குறித்துக்கொண்டேன். அந்த அறைக் கதவின் திறப்பை என் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். என் மனைவியிடம்கூட அன்றைக்குப் பிள்ளை சுகமாகி வந்துவிடும் என்று சொன்னேன். முழங்கால் கதையைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தகப்பனின் நம்பருக்கு அடித்தேன். இடம் எடுத்தாயிற்று, திறப்பு என்னிடம் இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை போயிட்டா அண்ணை" என்றார். "காலமை."

அவரே தொடர்ந்தார். "திறப்பை நான் பிறகு வந்து எடுக்கிறன். இப்ப இஞ்சை கொஞ்சம் அலுவல் கிடக்கு" என்று ஏதோ தான் எனக்குச் சிரமம் கொடுக்கிற மாதிரிச் சொன்னார்.

விசாரணை நடந்தது. எல்லோரும் கவலைப்பட்டார்கள், உண்மையாகவே கவலைப்பட்டார்கள். வீட்டுக்காரர் மீது வழக்குப் போட்டார்கள். இலங்கைத் தமிழும் இந்தியத் தமிழும் சில சொற்களில் வேறுபடுவதால் இந்தத் தவறு நேர்ந்தது என்று அறிக்கையில் எழுதினார்கள். அப்படியான சொற்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்றார்கள். நானே இருந்து எழுதிக் கொடுத்தேன். முட்டு, வருத்தம், சளிக்குச் சொல்கிற தடிமன், வலிக்குச் சொல்கிற நோவு. தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவர் நேரில் போனதால்தான் தவறு கண்டுபிடிக்கப்பட்டது என்று என்னைப் பற்றி நல்ல வார்த்தையும் இருந்தது. இடையிலிருந்த ஆறு கிழமையைப் பற்றி, முறைப்பாடு வரிசையில் இருந்தது என்று ஒரு வரி. வரிசையில் வைத்தவர் யார், வைத்தவருக்கு எந்தத் தமிழ் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் மட்டும் அறிக்கை வந்த அன்றைக்கு என் பக்கம் திரும்பாமல் தேத்தண்ணி குடித்தார். நாங்கள் சிரித்தது அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

நானாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேலை போயிருக்காது. ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஒரு நாள் பயிற்சி வகுப்பு, அவ்வளவுதான் வந்திருக்கும். அது தெரிந்தும் சொல்லவில்லை. வெள்ளைக்காரருக்குத் தெரிந்தால் அது ஒரு அலுவலகத் தவறு. எங்கள் சனத்துக்குத் தெரிந்தால் அப்படியில்லை. முட்டு என்றால் என்னவென்று தெரியாத ஒரு யாழ்ப்பாணத்தானாம் என்பார்கள். நான் பயந்தது அந்த ஒரு பேச்சுக்கு. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நூலகத்துக்குப் போய் அந்தப் பழைய புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த மனிசன் போடாத கையெழுத்து ஒன்றுகூட இல்லை. அவர் பார்த்த வீடுகளிலும் பிள்ளைகள் செத்துத்தான் இருக்கின்றன. ஆனால் யார் பார்த்தார், எப்போது பார்த்தார் என்று தேட வேண்டியதில்லை.

இப்போது தமிழ்க் குடும்பம் என்று வந்தால் நாலு வரியையும் சத்தமாகத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் பழகிவிட்டார்கள். நான் செபம் பண்ணுகிறேன் என்று புதிதாக வந்த ஒருவர் நினைத்தாராம்.

அந்தத் தாயை ஒரு வருடம் கழித்து இல்ஃபோர்டில் ஒரு மரக்கறிக் கடையில் கண்டேன். நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அவள்தான் முதலில் கண்டு கிட்ட வந்தாள். மெலிந்திருந்தாள். "சுகமா இருக்கிறியளோ அண்ணை?" என்று அவள்தான் என்னை விசாரித்தாள். தகப்பன் வேலை மாறிவிட்டார், இப்போது நோர்பரிப் பக்கம் இருக்கிறார்கள், கீழ்வீடு, ஈரம் இல்லை என்றாள். சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன். சத்தியமாக வாயெடுத்தேன். அதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"நீங்கள் வந்திராட்டி அந்த முழங்கால் கதை ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. நீங்கள் தமிழாள் எண்டபடியாத்தான் விளங்கினது. அவரும் நானும் நெடுக அதைத்தான் கதைக்கிறனாங்கள்." கத்தரிக்காய் ஒன்றை எடுத்துப் புழுக்குத்து இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து என் பைக்குள் போட்டாள். "போனிலை கேட்டு எழுதின அந்தக் கடுதாசி முதலே உங்கடை கையிலை கிடைச்சிருந்தா என்ரை பிள்ளை இருந்திருக்கும். என்ன அண்ணை?"

"ஓம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் காசு கொடுக்கும் இடத்துக்குப் போனாள். நான் அந்தக் கத்தரிக்காய்களோடு அங்கேயே நின்றேன்.

அவள் தமிழ் நன்றாக வாசிப்பாள். அந்த அறையில் யன்னல் ஓரத்தில் ஈரத்தில் வீங்கிய தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு கண்டிருக்கிறேன். ஒருநாள் இதுவும் கண்ணில் படலாம். தங்கச்சி, அன்றைக்குக் கடையில் நீங்கள் கேட்டதற்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன். அந்தக் கடுதாசி முதலே என் கையில்தான் கிடைத்தது.